ஐந்து நாள் அன்பு

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் காரியம் நல்ல காரியமாகத்தான் இருக்கவேண்டுமா? யாராவது இப்படிக் கேட்டால், "அப்படிச் சொல்லிவிட முடியாது" என்றுதான் வாயால் பதில் சொல்லுவோம். ஆனால் வாழ்க்கையில் அதற்கு மாறாகவே நடந்துகொள்கிறோம். "நல்ல மனதோடுதானே செய்தேன்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி, எத்தனையோ வழக்குகளை நமக்கு நாமே தள்ளுபடி செய்துவிடுகிறோம். இக்கிழமை அந்தப் பழைய கேள்வியை, இக்காலத்துக்குரிய ஒரு விடயத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம். வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு எம்முடன் வரவேண்டும்.

பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில், பாடசாலைக் கல்வியை முடித்துப் பல்கலைக்கழகம் புகுமுன் ஓராண்டு இடைவெளி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இளைஞரிடையே உண்டு. அந்த இடைவெளியிலோ நீண்ட கோடை விடுமுறையிலோ ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் சென்று, வறிய பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய அவர்களிற் பலர் விரும்புகிறார்கள். இதை ஒழுங்குபண்ணிக் கொடுப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. இளைஞன் கட்டணம் செலுத்துகிறான். நிறுவனம் இடத்தைத் தேடிக் கொடுக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, விளையாடி, சோறூட்டுகிறான். சனியும் ஞாயிறும் நாடு பார்க்கப் புறப்படுகிறான். கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் தங்கினால் அங்கோர் வாட் கோயிலும் தொன்லே சாப் ஏரியும் அருகில் இருக்கின்றன. நேபாளத்தில் தங்கினால் பொக்காரா ஏரியையும் சித்வான் காட்டையும் பார்க்கலாம். இரண்டு கிழமை, ஒரு மாதம், கூடினால் மூன்று மாதம். அதன்பின் பிள்ளைகளைக் கட்டியணைத்துக் கண்ணீரோடு விடைபெற்று ஊர் திரும்புகிறான்.

இது சரியா, பிழையா?

சனி ஞாயிறு செய்த குற்றம் என்ன?

இதைக் கேலி செய்வோர் உண்டு. "தொண்டு என்பது வெறும் போர்வை, உள்ளே இருப்பது உல்லாசப் பயணம். சனி ஞாயிறு அவர்கள் ஊர் சுற்றுவதே அதற்குச் சாட்சி" என்பது இவர்கள் வாதம். இந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஐந்து நாள் உழைத்தவன் இரண்டு நாள் ஓய்வெடுப்பது பாவமன்று. அந்நிய நாட்டுக்குப் போனவன் அந்த நாட்டின் அழகைக் காண விரும்புவது, அந்நாட்டு மக்களுக்குச் செய்யும் மரியாதையே.

கம்போடியாவுக்குச் சென்று சேரிகளையும் சிறுவர் இல்லங்களையும் மாத்திரம் பார்த்துத் திரும்பும் ஒருவன், அந்த மக்களை இரக்கத்துக்குரியவர்களாக மட்டுமே அறிந்து திரும்புவான். அங்கோர் வாட்டின் முன் நின்றவனோ, இரண்டாம் சூரியவர்மன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இந்த மக்களின் முன்னோர் எழுப்பிய கட்டடத்தைக் கண்டு வியப்பான். தலைநகராகிய புனோம் பென்னில், சிறைச்சாலையாக்கப்பட்ட துவோல் ஸ்லெங் பாடசாலையைப் பார்த்தவன், 1975 முதல் 1979 வரை கெமரூஜ் ஆட்சியில் அந்த மக்கள் பட்ட பாட்டையும் ஓரளவு விளங்கிக்கொள்வான். பரிதாபத்தோடு போனவன் மரியாதையோடு திரும்புவான். ஆகவே சனி ஞாயிறுகளைக் குற்றம் சொல்ல வேண்டாம். நாம் விசாரிக்கவேண்டியது, எவரும் சந்தேகிக்காத அந்த ஐந்து கிழமை நாட்களையே.

செயலின் மூன்று பக்கங்கள்

ஒரு செயலை நிறுப்பதற்கு நம் முன்னோர் மூன்று படிக்கற்களை வைத்திருந்தார்கள். செய்யப்படுவது எது? எந்த நோக்கத்தோடு செய்யப்படுகிறது? எந்தச் சூழ்நிலையில் செய்யப்படுகிறது? புனித தோமஸ் அக்குவினாஸ் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மூன்றும் நன்றாக இருந்தால்தான் செயல் நல்லது; ஒன்று பழுதானாலும் செயல் பழுதாகிவிடும் என்பது அந்த மரபின் முடிவு. பானையின் வாயும் கழுத்தும் எவ்வளவு திறமாக இருந்தாலென்ன? அடியிலே துவாரம் இருந்தால் தண்ணீர் நிற்காது.

நம் இளைஞனின் நோக்கம் நல்லது. அதில் சிறிது தற்பெருமையும் கலந்திருக்கலாம். மனிதர் செய்யும் எதிலும் அது கலந்தே இருக்கிறது. அதை விட்டுவிடுவோம். அவன் செய்வதும் மேலோட்டமாகப் பார்த்தால் நல்லதே: பிள்ளையைத் தூக்குகிறான், சிரிக்க வைக்கிறான், பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். எஞ்சியிருப்பது சூழ்நிலை. அதில் முதலாவது, எவ்வளவு காலம் என்பது.

பெரும்பாலான நற்செயல்களில் காலம் பெரிய விடயமன்று. பசித்தவனுக்கு ஒருவேளை சோறு கொடுத்துவிட்டு நாம் போய்விடலாம். அவன் பசி அந்த அளவுக்குத் தீர்ந்தது. வீதியில் விழுந்த கிழவியைக் கைதூக்கி விட்டுவிட்டு நம் வழியே போகலாம். ஆனால் தாய் தகப்பனைப் பிரிந்திருக்கும் சிறு பிள்ளைக்கு நாம் கொடுப்பது சோறு மாத்திரமன்று, பாசத்தையும் கொடுக்கிறோம். பாசத்துக்குள்ளே ஒரு வாக்குறுதி இருக்கிறது. வாய் திறந்து சொல்லாவிட்டாலும், பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கும் கை, "நான் இருக்கிறேன்" என்று அதற்குச் சொல்லுகிறது. இரண்டு கிழமையில் புறப்படுகிறவனின் கை அதைச் சொல்லலாமா?

பிள்ளை எதைக் கேட்கிறது?

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. இரண்டாம் உலகப் போரின் பின், வீடிழந்த பிள்ளைகளின் நிலையை ஆராயும்படி உலக சுகாதார நிறுவனம் ஆங்கிலேய மருத்துவர் ஜோன் போல்பியைக் கேட்டது. 1951ஆம் ஆண்டில் அவருடைய அறிக்கை வெளிவந்தது. குழந்தையின் உடலுக்கு உணவு எவ்வளவு தேவையோ, அதன் உள்ளத்துக்குத் தாயோடு, அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரோடு கொள்ளும் உறவு அவ்வளவு தேவை என்பது அதன் சாரம்.

1970களில் பாபரா டிசாட் என்ற ஆராய்ச்சியாளர், இலண்டனில் சிறுவர் இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவை குறையுள்ள இல்லங்கள் அல்ல. நல்ல உணவு, விளையாட்டுப் பொருட்கள், படப் புத்தகங்கள் யாவும் இருந்தன. பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியிலும் பெரிய குறையில்லை. ஆனால் நாலு வயதை எட்டும்போது, ஒரு பிள்ளையைச் சராசரியாக 50 பேர் மாறி மாறிப் பராமரித்திருந்தார்கள். அதன் விளைவு என்ன? பல பிள்ளைகள் எவரோடும் ஆழமாகப் பற்றுக்கொள்ளவில்லை. சிலர் யாரென்று தெரியாத அந்நியரிடமும் அளவுக்கு மிஞ்சி ஒட்டிக்கொண்டார்கள். அப்பிள்ளைகளிற் சிலர் பின்னர் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டபோது, தங்களை வளர்த்தவர்களோடு நெருங்கிய பற்றுக் கொண்டார்கள் என்பதையும் அவர் கண்டார்.

2000ஆம் ஆண்டில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்தியது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவிலும் உறவிலும் தேறினார்கள். எவ்வளவு இளம் வயதில் போனார்களோ, அவ்வளவுக்குத் தேற்றமும் அதிகம்.

இனி, வெளிநாட்டிலிருந்து வரும் நம் இளைஞனிடம் திரும்புவோம். அவன் இல்லத்தின் வாசலில் கால் வைத்த ஐந்தாவது நிமிடத்திலேயே ஒரு சிறுமி ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அவன் உருகிப்போகிறான். "என்ன அன்பான பிள்ளைகள்!" என்று வீட்டுக்கு எழுதுகிறான். தன் வீட்டில், தன் தாயின் அருகில் வளரும் பிள்ளை, புதியவரைக் கண்டால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். அந்தக் கூச்சம், தனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்று அறிந்த பிள்ளையின் கூச்சம். முன்பின் தெரியாதவனின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையிடம் அவன் கண்டது பெரும்பாலும் பாசத்தின் நிறைவல்ல, பசி. அவன் போனபின் அதே பிள்ளை அடுத்தவனின் கழுத்தையும் கட்டிக்கொள்ளும். அதற்கடுத்து வருகிறவனிடமும் அப்படியே செய்யும். ஒவ்வொரு பிரிவும், "யாரும் நிலைப்பதில்லை" என்ற பாடத்தையே அதற்குப் படிப்பிக்கிறது. அந்தப் பாடத்தின் ஓர் அத்தியாயத்தைப் படிப்பித்துவிட்டுத்தான் நம் இளைஞனும் விமானம் ஏறுகிறான். அதை அவன் அறியமாட்டான்.

அநாதைகளா இவர்கள்?

இன்னொரு சூழ்நிலையையும் பார்க்கவேண்டும். இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

கம்போடியாவில் 1980களின் தொடக்கத்தில் போர் ஆயிரமாயிரம் பிள்ளைகளை உண்மையிலேயே அநாதைகளாக்கியிருந்தது. அப்படியானால், சமாதானம் வந்து ஆண்டுகள் செல்லச்செல்ல அநாதை இல்லங்கள் குறைந்திருக்கவேண்டும் அல்லவா? நடந்ததோ மறுதலை. 2005ஆம் ஆண்டில் 154 ஆக இருந்த இல்லங்களின் தொகை 2010இல் 269 ஆகியது. அவற்றில் இருந்த பிள்ளைகள் ஏறத்தாழ 12,000 பேர். இவர்களில் நால்வரில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தார்கள் என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமாகிய யுனிசெப் எடுத்துக்காட்டியது. அந்த ஐந்தாண்டில் அங்கே அநாதைகள் பெருகவில்லை. பெருகியவர்கள் உல்லாசப் பயணிகள். 2005இல் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2010இல் 25 இலட்சம் பேர் வந்தார்கள். இல்லங்கள் பல, பயணிகள் மிகுதியாக வரும் சியெம் ரீப் போன்ற இடங்களிலேயே முளைத்தன.

இது எப்படி நடக்கிறது? கிராமத்தில் ஒரு தாய். பிள்ளைக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்க வழியில்லை. ஒருவர் வந்து, "நகரத்தில் வெள்ளைக்காரர் நடத்தும் இல்லம் இருக்கிறது, மூன்று வேளைச் சாப்பாடு, ஆங்கிலப் படிப்பு எல்லாம் உண்டு" என்கிறார். தாய் அழுதுகொண்டு அனுப்புகிறாள். இல்லத்துக்குப் பிள்ளை தேவை. பிள்ளை இருந்தால்தான் தொண்டர் வருவர். தொண்டர் வந்தால்தான் பணம் வரும். இல்லம் நடத்துவோர் எல்லாரும் இப்படிப்பட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பாசத்துக்கு விலை கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, பாசத்துக்கு ஏங்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தச் சிலர் முன்வருவர் என்றே சொல்லுகிறோம்.

நேபாளத்தில் இதன் கொடிய முகம் தெரிந்தது. கொனர் கிரெனன் என்ற அமெரிக்க இளைஞர் 2004ஆம் ஆண்டில் உலகப் பயணம் புறப்பட்டவர். பயணத்தின் முதல் மூன்று மாதங்களைக் காத்மாண்டுவுக்கு அருகில் கோதாவரி என்ற ஊரில் ஒரு சிறுவர் இல்லத்தில் கழித்தார். அங்கிருந்த பிள்ளைகளை அநாதைகள் என்றே நம்பியிருந்தார். பின்னர்தான் உண்மை வெளிவந்தது. உள்நாட்டுப் போரின் நடுவில், மலைநாடாகிய ஹும்லாவின் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, "பிள்ளைகளைப் பாதுகாப்பாகப் படிப்பிக்கிறோம்" என்று ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் அவர்கள். கிரெனன் என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடம். அவர் நேபாளத்துக்குத் திரும்பி வந்தார், நிலைத்து நின்றார், வீதியில்லாத ஹும்லா மலைகளில் கால்நடையாக ஏறி, பிள்ளைகளின் புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகத் தாய் தகப்பனைத் தேடினார். பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பையும் தொடங்கினார். மூன்று மாதம் பிள்ளைகளோடு விளையாடியதிலும் பார்க்க, அவர்களுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் இந்த நடைப்பயணமே.

மூன்று மறுப்புகள்

வாசகர் சிலர் இங்கே மறுப்புச் சொல்லக்கூடும். "பசியோடு வீட்டில் இருப்பதிலும் பார்க்க, சோறு தின்று இல்லத்தில் இருப்பது மேலல்லவா?" என்பது முதலாவது. பசி பொல்லாததுதான். ஆனால் பசிக்கு மருந்து சோறு, தாயைப் பிரிப்பதன்று. இல்லத்தில் ஒரு பிள்ளையைப் பராமரிக்கும் செலவு, அதே பிள்ளையை வீட்டில் வைத்து அந்தக் குடும்பத்துக்கு உதவும் செலவிலும் பல மடங்கு அதிகம் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அதே பணத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்தால், பிள்ளைக்குச் சோறும் உண்டு, தாயும் உண்டு. வறுமை என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளையிடமிருந்து தாயைப் பறிப்பது, வறியவனிடம் எஞ்சியிருந்த ஒரே செல்வத்தையும் பறிப்பதாகும்.

இரண்டாவது மறுப்பு: "ஆள் பற்றாத இல்லங்களுக்கு இளைஞர் போவதால் கையுதவியாவது கிடைக்கிறதே?" கை வேண்டும் என்பது உண்மை. ஆனால் வேண்டியது நிலைத்திருக்கும் கை. அந்த நாட்டு மொழி தெரிந்த, பிள்ளையின் காய்ச்சலையும் கனவையும் அறிந்த, நாளையும் நாளை மறுநாளும் அங்கேயே இருக்கப்போகிற ஓர் உள்ளூர்ப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க அந்தக் கட்டணம் போதாதா? தன் நாட்டில் ஒரு பாலர் பாடசாலையில் கற்பிக்க ஒருவனுக்குத் தகைமை கேட்பார்கள். அவன் யாரென்று விசாரிப்பார்கள். அந்நிய நாட்டின் ஏழைப் பிள்ளைகளிடம் மட்டும், கட்டணம் கட்டிய எவனும் போகலாமா? இந்தத் திறந்த வாசலால் கயவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள் என்பதை வழக்குமன்றங்கள் கண்டிருக்கின்றன.

மூன்றாவது மறுப்புத்தான் வலியது. "அந்த இளைஞனின் உள்ளம் விரிகிறதே! செல்வத்தில் வளர்ந்தவன் வறுமையைக் கண்ணால் காண்கிறானே! அவன் வாழ்க்கையே மாறிவிடுகிறதே!" உண்மை. அப்படி மாறியவர்கள் உண்டு; பிற்காலத்தில் நல்ல மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் துறவிகளாகவும் ஆனவர்கள் உண்டு. ஆனால் அந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்கவேண்டும். ஒருவன் நல்லவனாவதற்கு வேறொருவருடைய பிள்ளை பாடப்புத்தகம் ஆகலாமா? மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தலாகாது என்று இம்மானுவேல் கான்ட் 18ஆம் நூற்றாண்டில் வற்புறுத்தினார். கருவி என்றால் கொடுமைக்குக் கருவி என்று மட்டும் எண்ணவேண்டாம். நம் புண்ணியத்துக்குக் கருவியாக்கினாலும் கருவி கருவியே.

1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அப்போது குருவாக இருந்த இவான் இலிச், கோடை விடுமுறையில் மெக்சிக்கோவுக்குத் தொண்டு செய்யப் புறப்பட இருந்த அமெரிக்க மாணவர்களுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். வந்து பாருங்கள், மலை ஏறுங்கள், எங்கள் பூக்களை ரசியுங்கள், படியுங்கள்; ஆனால் உதவி செய்ய வரவேண்டாம் என்பதே அதன் கருத்து. கடுமையான பேச்சு. அதை முழுவதும் நாம் ஏற்கவில்லை. உதவி எல்லாம் வேண்டாததன்று. ஆயினும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. பயணியாகப் போகிறவன், தான் பெற்றுக்கொள்ளவே வந்தவன் என்று அறிந்திருக்கிறான். ஆகவே பணிவோடு போகிறான். கொடுக்க வந்ததாக எண்ணுகிறவனுக்கோ, தான் எடுத்துச் செல்வது கண்ணில் படுவதில்லை.

வழிப்போக்கனின் கடமை

அப்படியானால், வழியில் போகிறவனுக்கு எந்தக் கடமையும் இல்லையா? உண்டு. நல்ல சமாரியன் யார்? அவனும் ஒரு வழிப்போக்கன்தான். அந்த உவமையை நாம் அடிக்கடி கேட்டிருந்தாலும், அதன் பிற்பகுதியைக் கவனிப்பதில்லை. காயத்தைக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த சமாரியன், மறுநாள் தன் பயணத்தைத் தொடர்ந்தான். போகுமுன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேலதிகச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். நிலைத்திருப்பவனிடம் நோயாளியை ஒப்படைத்தான். நிலைத்திருப்பவனின் கையைப் பலப்படுத்தினான். தான் செய்யக்கூடியது எது, பிறர் செய்யவேண்டியது எது என்று அறிந்திருந்த அன்பு அது.

வெளிநாட்டுத் தொண்டிலும் இந்த விவேகத்தைக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. பிரித்தானியாவின் வெளிநாட்டுத் தொண்டர் சேவை 1958இல் பாடசாலை முடித்த பதினெட்டு வயதினரை அனுப்பித் தொடங்கியது. காலப்போக்கில், ஆசிரியர், தாதி, கமத்தொழில் அறிந்தவர் என்று தொழில் தெரிந்தவர்களை, பெரும்பாலும் இரண்டு ஆண்டளவுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு மாறியது. 1961இல் தொடங்கிய அமெரிக்க சமாதானப் படையில் சேர்பவர், மூன்று மாதம் மொழியும் பழக்கவழக்கமும் பயின்று, இரண்டு ஆண்டு சேவை செய்யவேண்டும். பெரிய பயண நிறுவனங்கள் சில 2010களில் அநாதை இல்லப் பயணங்களை அடியோடு நிறுத்திவிட்டன. கம்போடிய அரசாங்கம் 2006இலேயே குடும்பப் பராமரிப்பே முதலாவது, இல்லம் கடைசி வழி என்ற கொள்கையை வகுத்தது. அவுஸ்திரேலியாவில் 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் ஆக்கப்பட்டபோது, அநாதை இல்லங்களுக்கென்று பிள்ளைகளைக் கடத்துவதும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாகக் கொள்ளப்பட்டது. 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும், இல்லங்களை நாடிச் செல்லும் தொண்டுப் பயணங்களின் தீங்கை எடுத்துக்காட்டித் தீர்மானம் நிறைவேற்றியது.

நம் வீட்டு வாசலில்

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் விடயம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் மக்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ வளரும் பேரப்பிள்ளை ஒருநாள் தொலைபேசியில், "அம்மம்மா, நான் கம்போடியாவுக்குப் போய் அநாதைப் பிள்ளைகளோடு ஒரு மாதம் இருக்கப்போகிறேன்" என்று சொல்லக்கூடும். அந்த நல்ல மனதை நாம் முறித்துவிடக் கூடாது. அதேவேளை, சில கேள்விகளைக் கேட்கும்படி சொல்லலாம். நீ போகும் இடத்தில் பிள்ளைகளைத் தினமும் பார்த்துக்கொள்பவர் யார்? அவரை நீ பலப்படுத்துவாயா, அல்லது அவர் இடத்தில் நீ சில நாள் நிற்பாயா? அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்களா? அவர்களிடம் பிள்ளைகளைச் சேர்க்க அந்த இல்லம் என்ன செய்கிறது? உன்னைப்பற்றி அவர்கள் விசாரித்தார்களா, அல்லது பணத்தை மட்டும் வாங்கினார்களா? நீ செய்யப்போகும் வேலையைச் செய்ய உன் நாட்டில் உன்னை விடுவார்களா? பதில்கள் திருப்தியாக இல்லாவிட்டால், பயணத்தைக் கைவிடவேண்டியதில்லை; இல்லத்தை மட்டும் விட்டுவிடலாம். நாட்டைப் பார்க்கட்டும், அந்த மக்களின் கடைகளில் உண்ணட்டும், அவர்கள் மொழியில் நாலு வார்த்தை கற்கட்டும், குடும்பங்களைத் தாங்கும் நல்ல அமைப்பொன்றைக் கண்டறிந்து, ஊர் திரும்பியபின்னும் ஆண்டாண்டாக அதற்கு உதவட்டும்.

நம் ஊரிலும் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாள், பெற்றோரின் நினைவுநாள் என்றால் சிறுவர் இல்லமொன்றுக்கு மதிய உணவு கொடுக்கிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் உறவினரும் இப்படிச் செய்கிறார்கள். அன்னதானம் பெரிய தருமம், அது தொடரட்டும். ஆனால் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைக்கொண்டு முன்பின் அறியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடுவித்து, படம் எடுத்து, முகநூலில் போடுவது எதற்கு? நம் பிள்ளையின் படத்தை, "இவன் வறியவன்" என்ற தலைப்போடு வேறொருவர் போட்டால் நாம் பொறுப்போமா? சோற்றைச் சமையலறையில் கொடுத்துவிட்டு, அமைதியாகப் பிள்ளைகளை விளையாட விட்டு வரலாம்.

எங்கள் நாட்டிலும் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள். பலரை அங்கே கொண்டுவந்தது வறுமையே. இல்லங்களில் இருபது முப்பது ஆண்டுகளாக இரவு பகல் பாராது பிள்ளைகளோடு வாழும் சகோதரிகளையும் பணியாளர்களையும் நாம் குறை சொல்லவில்லை. நிலைத்திருத்தல் என்றால் என்ன என்பதை அவர்களிடமே கற்கவேண்டும். ஒரு பிள்ளை நல்லபடியாகத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனால், அதிகம் மகிழ்கிறவர்களும் அவர்களே. 2004 டிசெம்பரில் கடற்கோள் வந்து எத்தனையோ பிள்ளைகளின் பெற்றோரைக் கொண்டுபோனபோது, அவர்களிற் பெரும்பாலோரை ஏற்று வளர்த்தவர்கள் அம்மம்மாவும் சித்தியும் மாமாவுமே. அந்த ஏற்பாட்டுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் துணைநின்றது. கையில் காசில்லாத வீடுகள்தான் அவற்றிற் பல. ஆயினும் பிள்ளை அழும்போது எழுந்து வர அங்கே ஒருவர் இருந்தார்.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை நாம் ஏழைப் பிள்ளைக்கென்று கைப்பையைத் திறக்கும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரிப்போம். தாய் இருந்தால் தாயிடம் கொடுப்போம். தாய் இல்லாவிட்டால், தாயாக நின்று வளர்க்கும் பெரியம்மாவிடம் கொடுப்போம். ஒருவருமே இல்லாத பிள்ளைக்குத்தான் இல்லம். அங்கும் அதனோடு நிலைத்திருக்கும் பணியாளரின் கையில் கொடுப்போம். ஒருமுறை கொடுத்துவிட்டு மறக்காமல், மாதாமாதம் கொடுப்போம். அந்தப் பிள்ளை நம் பெயரை அறியாமல் வளர்ந்தாலும் பரவாயில்லை. தன்னை வளர்த்தவரின் பெயரை அது சொல்லி அழைத்தால் போதும்.